துணைவலியும் செப்பேட்டு மௌனமும்: சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டை முன்வைத்துத் தென்னக அரசுகளின் கூட்டுப் பாதுகாப்பு, கி.பி. 9 – 10ஆம் நூற்றாண்டுகள்

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டம் சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேடு, பாண்டியன் இராசசிம்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டது. பாண்டிய மரபு வரலாற்றுக்கும் மதுரைச் சங்கம் பற்றிய குறிப்புக்கும் ஆய்வாளர் இதனைப் பெரிதும் பயன்படுத்தியுள்ளனர். அரசுகளுக்கிடையே நிலவிய படைத்துணை உறவுகளை அறிவதற்கான சான்றாக இதனை வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. செப்பேடு, பகைவரின் கூட்டணிகளை விரித்துரைக்கிறது. பாண்டியர் பெற்ற துணையைப் பற்றிப் பேசுவதில்லை. அத்துணை பற்றிய செய்தி இலங்கையின் சூளவம்சத்தில் கிடைக்கிறது. உதயேந்திரம், தில்லைத்தானம், கீழப்பழுவூர்ச் சான்றுகளுடன் ஒப்பிடுகையில், படைத்துணையின் பதிவு பெற்றவர் பக்கத்தில் அன்றித் தந்தவர் பக்கத்திலேயே எஞ்சுகிறது என்பது புலனாகிறது. இவ்வடிப்படையில், வேளூர்ப் போரில் பாண்டிய – இலங்கைக் கூட்டு தோற்றதற்கும் சோழர் கூட்டு நிலைத்ததற்குமான காரணங்கள் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சின்னமனூர்ச் செப்பேடு, இராசசிம்மன், முதற்பராந்தகன், ஐந்தாம் காசியப்பன், வேளூர்ப் போர், துணைவலி, சூளவம்சம்.

முன்னுரை

ஓர் அரசு தன் பாதுகாப்பைத் தன் படையால் மட்டும் உறுதிசெய்துகொள்ள இயலாது என்பது பழந்தமிழ் அரசியற் சிந்தனை நன்கறிந்த செய்தி. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், ஆராய வேண்டிய வலிமைகளுள் ஒன்றாகத் துணைவலியையும் சேர்க்கிறார். கௌடலீயத்தின் மண்டலக் கோட்பாடும் நட்பரசை ஆட்சியின் உறுப்புகளுள் ஒன்றாகக் கொள்கிறது. ஆயினும் தென்னிந்திய வரலாற்றெழுத்தில் போர்கள் பெரும்பாலும் இரு மன்னர்களுக்கிடையே நிகழ்ந்த வெற்றி தோல்விகளாகவே எழுதப்பட்டுள்ளன. அப்போர்களில் யார் யாருக்குத் துணை நின்றனர், எந்த உடன்பாட்டின் பேரில் நின்றனர், அத்துணை ஏன் நிலைத்தது அல்லது முறிந்தது என்னும் வினாக்கள் தனித்து எழுப்பப்படுவது குறைவு.

இவ்வினாக்களை எழுப்புவதற்குச் சின்னமனூர் பொருத்தமான தொடக்கப் புள்ளியாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைகளுக்கும் இடையே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கில், சுருளியாற்றுப் பாசனத்தில் செழித்த ஊர் இது. பாண்டியர் காலத்தில் அரிகேசரிநல்லூர் என வழங்கியது. அளநாடு என்னும் நாட்டுப் பிரிவில் அமைந்திருந்தது. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய கணவாய்களால் பாண்டிய நாட்டின் உட்பகுதியைச் சேர நாட்டுடன் இணைக்கும் வழிகள் இப்பகுதியில் உள்ளன. இவ்வூரில் கிடைத்த சிறிய, பெரிய செப்பேடுகள் எச். கிருஷ்ண சாஸ்திரியால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டன. பெரிய செப்பேட்டின் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. அளநாட்டு நற்செய்கைப்புத்தூர், மந்தரகௌரவ மங்கலம் என்னும் பெயரில் பிரமதேயமாக அளிக்கப்பட்டதை அது பதிவுசெய்கிறது.

கருத்தாக்கமும் ஒப்பீட்டு எல்லையும்

கூட்டுப் பாதுகாப்பு என்னும் சொல் இன்று எழுதப்பட்ட உடன்படிக்கையைக் குறிக்கிறது. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1947 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்திட்ட உடன்படிக்கை இதற்கு ஒரு முன்மாதிரி. ஓர் அமெரிக்க நாட்டின்மீது தொடுக்கப்படும் ஆயுதத் தாக்குதல் அனைத்து அமெரிக்க நாடுகளின்மீதும் தொடுக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பது அதன் மூன்றாம் பிரிவின் சாரம். ஆயினும், 1982இல் ஃபாக்லாந்துத் தீவுகள் தொடர்பாக அர்ஜென்டினா அவ்வுடன்படிக்கையின் துணையை நாடியபோது, அதில் கையெழுத்திட்டிருந்த அமெரிக்க ஐக்கிய நாடு பிரிட்டனின் பக்கமே நின்றது. உறுப்பு நாடுகள் ஒரே அச்சுறுத்தலை ஒரே வகையாக மதிப்பிடாதபோது எழுத்தில் உள்ள கடப்பாடும் செயலற்றுப்போகும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இவ்வொப்பீட்டைக் கட்டுரை ஓர் எல்லைக்குள்ளேயே பயன்படுத்துகிறது. நாம் ஆராயும் காலத்தில் கூட்டாளிகள் இணைந்து எழுதிய ஆவணம் எதுவும் எஞ்சவில்லை. ஒவ்வோர் அரசும் தன் மெய்க்கீர்த்தியைத் தனித்தே எழுதிக்கொண்டது. எனவே உடன்பாட்டின் வாசகத்தைத் தேட இயலாது. அதன் தடங்களையே தேட இயலும். அச்சுறுத்தல் பொதுவானதா, படைக்குத் தலைமை யாருடையது, தோல்விக்குப் பின் உறவில் எது எஞ்சியது என்னும் மூன்று வினாக்கள் அத்தேடலுக்கு உதவும்.

கூட்டணி பற்றிய தொல் நினைவுகள்

தமிழரசர் கூட்டு பற்றிய மிகப் பழைய கல்வெட்டுச் சான்று தமிழகத்திற்கு வெளியே உள்ளது. கலிங்க மன்னன் காரவேலனின் அத்திகும்பா கல்வெட்டு, அவன் தமிழ் நாடுகளின் கூட்டமைப்பு ஒன்றைக் குலைத்ததாகக் கூறுகிறது. அக்கூட்டமைப்பு நிலவிய ஆண்டுகளின் எண்ணிக்கையை 113 என்றும் 1300 என்றும் அறிஞர் வேறுவேறாகப் படித்துள்ளனர். அகநானூற்றின் 31ஆம் பாடலில் மாமூலனார், மொழிபெயர் தேயத்தை மூவேந்தரும் காத்ததாகக் குறிப்பிடுவதை இதனுடன் இணைத்துப் பார்ப்போர் உளர். இவ்விரு சான்றுகளும் வடக்கெல்லை சார்ந்த ஒரு பொது அச்சுறுத்தலைச் சுட்டுகின்றன. கூட்டமைப்பைப் பதிவுசெய்த கல்வெட்டு அதனைக் குலைத்தவனுடையது என்பதும் கருதத்தக்கது.

தலையாலங்கானப் போர் மறுவகைக் கூட்டணிக்குச் சான்று. அகநானூற்றின் 36ஆம் பாடலில் நக்கீரர், நெடுஞ்செழியனை எதிர்த்தோராகச் சேரன், சோழன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என எழுவரைப் பெயர் சுட்டி அடுக்குகிறார். சின்னமனூர்ப் பெரிய செப்பேடு இப்போரை நினைவுகூர்கிறது. ஆனால் பாண்டியனுக்கு ஒப்பான வேந்தர் இருவரை வென்றதாக மட்டுமே சொல்கிறது. ஐந்து குறுநிலத் தலைவர்களும் நினைவிலிருந்து நீங்கிவிட்டனர். வேந்தனுக்கு வேந்தனே நிகர் என்னும் பார்வையில் எழுதப்பட்ட மரபுரையில், கூட்டணியின் பெரும் பகுதியாக இருந்த வேளிர்க்கு இடமில்லை. இந்நீக்கம் பின்வரும் வாதத்திற்கு அடிப்படையாகும்.

பகைவர் பன்மை, பாண்டியர் ஒருமை

பாண்டியச் செப்பேடுகளின் போர்ப் பகுதிகளைத் தொகுத்து நோக்கினால் ஒரு பொது அமைப்புத் தெரிகிறது. பராந்தக நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு, ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் ஆகிய இடங்களில் அதியன் தோற்றதையும், அவனுக்குத் துணையாக வந்த பல்லவனும் கேரளனும் விரட்டப்பட்டதையும் கூறுகிறது. சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, சீமாறன் சீவல்லபன் குண்ணூரிலும் சிங்களத்திலும் விழிஞத்திலும் வென்றதையும், குடமூக்கில் கங்கர், பல்லவர், சோழர், காலிங்கர், மாகதர் முதலானோர் திரண்டு வந்தபோது அவர்களை முறியடித்ததையும் சொல்கிறது. காலிங்கர், மாகதர் என்பனவற்றை எழுத்துப்படியே கொள்வதா, மகதை நாட்டு வாணர் போன்ற அண்டை மரபினரைக் குறிப்பனவாகக் கொள்வதா என்பது விவாதத்திற்குரியது. குடமூக்கு இன்றைய கும்பகோணம். காவிரிச் சமவெளியில் பாண்டியர் கால் பதித்ததே வடதிசை அரசுகளை ஒன்றுசேர்த்தது எனலாம்.

இவ்விரு செப்பேடுகளிலும் பகைவர் எப்போதும் பலர். பாண்டியன் எப்போதும் ஒருவன். தலையாலங்கானம் தந்த படிமம் இங்குத் தொடர்கிறது. பலர் கூடி வந்தும் ஒருவனை வெல்ல இயலவில்லை என்னும் கூற்றில்தான் புகழ் உள்ளது. தானும் பிறர் துணை பெற்றதாகச் சொன்னால் அப்புகழ் குறையும். எனவே, செப்பேட்டில் பாண்டியரின் கூட்டாளிகள் காணப்படாமையை அவர்களுக்குக் கூட்டாளிகளே இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

மறுதரப்பின் சான்றுகள் இம்மௌனத்தின் அளவைக் காட்டுகின்றன. சீமாறன் முதலாம் சேனன் காலத்தில் இலங்கையின்மீது படையெடுத்து அனுராதபுரத்தைச் சூறையாடியதைச் சூளவம்சமும் ஏற்கிறது. ஆனால் அது அங்கே நிற்கவில்லை. இரண்டாம் சேனன் (853 – 887) காலத்தில் இலங்கைப் படை, பாண்டிய அரசுரிமை கோரிய இளவரசன் ஒருவனுடன் மதுரைக்குள் புகுந்ததையும் அந்நூல் விரிக்கிறது. அதுபோலப் பல்லவரின் பாகூர்ச் செப்பேடு, நிருபதுங்கன் அரிசில் ஆற்றங்கரையில் பாண்டியனை வென்றதாகக் கூறுகிறது. சின்னமனூர்ச் செப்பேட்டின் சீமாறன் பகுதியில் இத்தோல்விகளுக்கு இடமில்லை.

துணை நின்றோர் எழுதிய வரலாறு

பெற்ற துணையை வேந்தர் பதிவுசெய்வதில்லை எனின், அதனைப் பதிவுசெய்தோர் யார்? கிடைக்கும் சான்றுகள் நான்கை இங்குக் காணலாம்.

முதலாவது, திருப்புறம்பியப் போர். கி.பி. 880 – 885 அளவில் நிகழ்ந்த இப்போரில் பல்லவன் அபராசிதனும் கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதியும் சோழன் முதலாம் ஆதித்தனும் இணைந்து பாண்டியன் இரண்டாம் வரகுணனை எதிர்த்தனர். பிருதிவிபதி வரகுணனை வென்று, தன் நண்பனுக்கு அபராசிதன் என்னும் பெயர் பொருந்துமாறு செய்து, தன் உயிரைக் கொடுத்தான் என்னும் செய்தி உதயேந்திரம் செப்பேட்டில் உள்ளது. அச்செப்பேடு பிருதிவிபதியின் பேரன் இரண்டாம் பிருதிவிபதியான அத்திமல்லனுடையது.

இரண்டாவது, ஆதித்தனுக்கும் சேர மன்னன் தாணு இரவிக்கும் இருந்த நட்பு. விக்கி அண்ணன் என்னும் தலைவனுக்கு இவ்விரு மன்னரும் சேர்ந்து அரியணை, சாமரை, சிவிகை முதலிய சிறப்புகளையும் செம்பியன் தமிழவேள் என்னும் பட்டத்தையும் அளித்தனர். இரு அரசர் கூடி ஒரு தலைவனைச் சிறப்பித்தமை, அவன் இருவர்க்கும் பொதுவான பணி ஆற்றினான் என எண்ண இடமளிக்கிறது. இச்செய்தியைத் தரும் தில்லைத்தானக் கல்வெட்டு, விக்கி அண்ணனின் மனைவி கடம்பமாதேவி அளித்த கொடையைப் பதிவுசெய்வது.

மூன்றாவது, கீழப்பழுவூர்க் கல்வெட்டு. முதற்பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இது, பாண்டியரும் ஈழத்தரையரும் வந்து பொருத வேளூர்ப் போரில் சோழர் பக்கம் நின்று பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் வென்றதைக் கூறுகிறது. அப்போரில் மாண்ட வீரன் ஒருவனின் நினைவோடு தொடர்புடைய பதிவு அது. கல்வெட்டு அமைந்திருப்பது பழுவேட்டரையர் ஊரில்.

நான்காவது, சூளவம்சம். பாண்டியன் இலங்கை மன்னனிடம் படை வேண்டியதும், அம்மன்னன் படை அனுப்பியதும் இந்நூல் வழியாகவே விரிவாகத் தெரியவருகின்றன.

நான்கிலும் பதிவுசெய்தோர் துணை தந்தவர் அல்லது அவரைச் சார்ந்தோர். இதற்குக் காரணம் காண்பது கடினமன்று. துணை தந்தவர்க்கு அச்செயல் உரிமைக்கும் சிறப்புக்கும் ஆதாரம். துணை பெற்றவர்க்கோ அது ஒரு கடன். கடனைத் தம் மெய்க்கீர்த்தியில் எவரும் எழுதிக்கொள்வதில்லை. எனவே இக்காலக் கூட்டணிகளை ஆராய விரும்புவோர் பேரரசரின் செப்பேடுகளை மட்டும் நம்பியிருத்தல் தகாது. குறுநிலத் தலைவரின் கோயிற் கல்வெட்டுகளையும் அண்டை நாட்டுக் குறிப்பேடுகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும்.

வேளூர்: கூட்டின் தோல்வி

சீமாறன் சூறையாடிய இலங்கை, ஏறத்தாழ இரு தலைமுறைகளுக்குப் பின் அவன் வழித்தோன்றலான இராசசிம்மனுக்குப் படைத்துணை தந்தது. இம்மாற்றத்தை விளக்குவது சோழரின் எழுச்சி. 907இல் அரியணை ஏறிய முதற்பராந்தகன் தன் 3ஆம் ஆட்சியாண்டிலேயே மதுரை கொண்டவன் என்னும் பட்டத்தைச் சூடினான். பாக் நீரிணையின் வடகரை முழுவதும் ஒரே அரசின் கீழ் வருவது இலங்கைக்கு உகந்ததன்று. பழம்பகையினும் புதிய அச்சம் பெரிதாயிற்று.

சூளவம்சத்தின்படி, ஐந்தாம் காசியப்பன் (914 – 923) பாண்டியனின் வேண்டுகோளை ஏற்றான். சக்க சேனாபதியின் தலைமையில் படை திரட்டி, தானே மாதோட்டத் துறைமுகம்வரை சென்று வழியனுப்பினான். ஏறத்தாழ 915இல் வேளூரில் நிகழ்ந்த போரில் பாண்டிய – இலங்கைப் படைகள் தோற்றன. பின்னர்ச் சக்க சேனாபதி கொள்ளைநோயால் இறந்தான். எஞ்சிய படையை மன்னன் திரும்ப அழைத்துக்கொண்டான்.

இவ்விடத்தில் சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டின் காலம் முக்கியத்துவம் பெறுகிறது. நீலகண்ட சாஸ்திரியின் காலவரிசைப்படி இராசசிம்மனின் ஆட்சி 900ஐ ஒட்டித் தொடங்குகிறது. அவ்வாறாயின் 16ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு வேளூர்ப் போரை அடுத்தோ அதற்குச் சற்று முன்னரோ எழுதப்பட்டதாகும். அதில் இராசசிம்மனின் வெற்றிகளாக உலப்பிலிமங்கலம், தஞ்சைக் கோனை வென்ற நைப்பூர், கொடும்பை, வஞ்சி, தென்தஞ்சைத் தலைவனை அழித்த நாவல் ஆகியவை அடுக்கப்படுகின்றன. வேளூர் அப்பட்டியலில் இல்லை. இலங்கைத் துணையும் இல்லை. செப்பேடு போருக்கு முந்தியதெனின் துணை வேண்டிய நிலை மறைக்கப்பட்டுள்ளது. பிந்தியதெனின் தோல்வியும் சேர்த்து மறைக்கப்பட்டுள்ளது. எவ்வாறாயினும், மதுரைக்கே ஆபத்து நேர்ந்திருந்த சூழலில் மேற்கு மலையடிவார ஊர் ஒன்றைப் பிரமதேயமாக அளித்துத் தன் மரபின் தனிப்பெரும் வெற்றிகளைச் செம்பில் பொறிப்பித்த மன்னனை நாம் காண்கிறோம். அரசுரிமை ஐயத்துக்குள்ளாகும் போதுதான் அதனை எழுத்தில் நிறுவும் தேவை மிகுகிறது.

தோல்விக்குப் பின் நிகழ்ந்தவை கூட்டின் வலுவின்மையை மேலும் தெளிவாக்குகின்றன. இராசசிம்மன் இலங்கை சென்று நான்காம் தப்புலனிடம் (924 – 935) அடைக்கலம் புகுந்தான். தப்புலன் உதவ விரும்பியும் பிரதானிகளிடையே எழுந்த பூசல் அதனைத் தடுத்தது. பாண்டியன் தன் முடியையும் அரச சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுக் கேரளம் சென்றான். அவன் தாய் வானவன்மாதேவி என்று சின்னமனூர்ச் செப்பேடு குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது. வானவன் என்பது சேரரைக் குறிக்கும் பெயராதலின், படைத்துணை பயனற்றபோது தாய்வழி உறவே புகலிடம் ஆயிற்று எனக் கொள்ளலாம்.

இரு கூட்டுகள்: ஓர் ஒப்பீடு

முன்னர் எழுப்பிய மூன்று வினாக்களையும் இரு தரப்புக் கூட்டுகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பாண்டிய – இலங்கைக் கூட்டில் அச்சுறுத்தல் ஓரளவே பொதுவானது. பாண்டியனுக்கு அது நாட்டையே இழக்கும் நிலை. இலங்கைக்குக் கடலுக்கு அப்பாலிருந்து பின்னர் வரக்கூடிய ஆபத்து. அனுராதபுரத்துப் பிரதானிகள் அதனைத் தம் ஆபத்தாகவே கருதவில்லை. படைத்தலைமை தனித்தனியாக இருந்தது. இலங்கைப் படை தன் சேனாபதியின் கீழ் வந்தது. அவன் இறந்ததும் திரும்பிச் சென்றது. தோல்விக்குப் பின் எஞ்சியது முடியும் சின்னங்களும் மட்டுமே.

சோழர் கூட்டின் அமைப்பு வேறு. ஆதித்தன் திருப்புறம்பியத்தில் பல்லவனின் துணைவனாக நின்று, பின்னர் அப்பல்லவனையே வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்டான். ஒத்த நிலை அரசருக்கிடையேயான நட்பின் நிலையாமையை அவனே செயலில் காட்டியவன். பராந்தகன் காலத்தில் சோழர் தம் பாதுகாப்பை அமைத்துக்கொண்டது பெரும்பாலும் குறுநிலத் தலைவரைச் சார்ந்தே. பழுவேட்டரையர், கொடும்பாளூர் வேளிர், அத்திமல்லன் ஆகியோர் மணவுறவாலும் பட்டங்களாலும் நிலவுரிமையாலும் சோழ அரசுடன் பிணைக்கப்பட்டனர். அத்திமல்லன் செம்பியன் மாவலி வாணராயன் என்னும் பட்டம் பெற்றான். இத்தலைவர்களின் நலன் ஒரு போரோடு முடிவதன்று. சோழர் வளர்ந்தால் அவர்களும் வளர்வர். தலையாலங்கானத்தை நினைவுகூர்ந்த பாண்டியச் செப்பேடு நீக்கிவிட்ட அதே வேளிர் நிலையினரே, சோழரின் பாதுகாப்புக்கு முதுகெலும்பாயினர்.

இதனைச் சமநிலைக் கூட்டு எப்போதும் தோற்கும், மேல் – கீழ்க் கூட்டு எப்போதும் வெல்லும் என்னும் பொதுவிதியாக நீட்டிக்க இயலாது. பிற்காலத்தில் சோழர் வலி குன்றியபோது இதே குறுநிலத் தலைவர் பலர் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு தனித்தியங்கியதை வரலாறு காட்டுகிறது. 10ஆம் நூற்றாண்டின் குறிப்பிட்ட சூழலில் பிணைப்பின் ஆழம் எத்தரப்பில் மிகுந்திருந்தது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

எஞ்சிய முடி

இலங்கையில் விடப்பட்ட பாண்டிய முடி ஒரு நூற்றாண்டுக் காலம் அரசியல் பொருளாகவே இருந்தது. நான்காம் உதயன் (946 – 954) காலத்தில் பராந்தகன் அதனைக் கேட்டுப் பெற முயன்றான். மறுக்கப்பட்டபோது படை அனுப்பினான். உதயன் அதனுடன் உரோகணத்துக்குப் பின்வாங்கினான். இறுதியில் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, ஈழ மன்னனின் முடியுடன், தென்னவர் முன்பு அவனிடம் வைத்த முடியையும் இந்திரன் ஆரத்தையும் கைப்பற்றியதை 1017 அளவில் அறிவிக்கிறது. பாண்டிய – இலங்கை உறவைப் பற்றிப் பாண்டியரே எழுதாமல் விட்டதை அவர்தம் பகைவரான சோழரின் மெய்க்கீர்த்தி ஒப்புக்கொள்கிறது. ஒருவன் தன் முடியை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பிய கூட்டு அது என்பதற்கு அம்முடியைத் தேடிச் சோழர் மேற்கொண்ட முயற்சிகளே சான்று.

முடிவுரை

சின்னமனூர்ப் பெரிய செப்பேடு கூறுவதை மட்டும் கொண்டால், பாண்டியர் பல கூட்டணிகளைத் தனித்து எதிர்த்தவராகவே தோன்றுவர். அதன் மௌனத்தைப் பிற சான்றுகளுடன் இணைத்து வாசிக்கும்போது, மதுரை, அனுராதபுரம், பழையாறை, காஞ்சி ஆகிய மையங்களைப் பிணைத்த படைத்துணை வலை ஒன்று புலனாகிறது. அவ்வலையின் இழைகளைப் பதிவுசெய்தோர் துணை பெற்ற வேந்தரல்லர். துணை தந்தோரும் அவர்தம் குடும்பத்தாரும். இக்கருத்து பிற காலங்களுக்கும் பொருந்துமா என்பதைச் சோதிக்க இடமுண்டு. இரண்டாம் இராசாதிராசன் காலத்துப் பாண்டிய உரிமைப் போரில் இலங்கைப் படை தலையிட்டதைக் கூறும் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, அப்போரில் பணியாற்றிய பல்லவராயரின் குடும்பத்திற்கு அளிக்கப்பட்ட உரிமைகளைப் பதிவுசெய்வதாகவே அமைந்திருப்பது இத்திசையில் ஆராயத்தக்கது.

கம்பம் பள்ளத்தாக்கின் கோயிற் கல்வெட்டுகளை இந்நோக்கில் மீள வாசிப்பது அடுத்த பணி. கணவாய்களை ஒட்டிய இப்பகுதித் தலைவர்கள் சேர – பாண்டிய உறவில் ஆற்றிய பங்கு, வேந்தரின் செப்பேடுகளில் அன்றி, அவர்கள் ஊர்க்கோயில்களுக்கு அளித்த விளக்குக்கொடை, நிலக்கொடைப் பதிவுகளிலேயே தேடப்பட வேண்டும்.